எரிமலை ஓரத்து மாப்பிள்ளை

அண்ணாச்சி, அந்தக் கவரைப் பைக்குள்ள வைங்க, ஜன்னல் காத்துல பறந்துரும். நாலு மூலையிலயும் மஞ்ச தடவியிருக்கு, ஜாதகம்தானே? மக ஜாதகமா? பொம்பளையாளுக யாரையும் கூட்டிட்டு வரல, பூ பழம் ஒண்ணும் கையில இல்ல, அப்போ பேசி முடிக்கப் போகல. பையன் எப்படின்னு அக்கம்பக்கத்துல விசாரிக்கப் போறீய. சரியா? எப்படிக் கண்டுபிடிச்சான்னு முழிக்காதீங்க. முப்பத்தோரு வருஷம் போலீஸ், அதுல பத்தொம்பது வருஷம் தனிப்பிரிவு ஏட்டு. எங்க ஸ்டேஷன்ல பாஸ்போர்ட் விசாரணைன்னா நான்தான். ஏட்டு சொரிமுத்துன்னா பாளையங்கோட்டையில இன்னிக்கும் தெரியும்.

பஸ் சங்கரன்கோவில் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள உங்களுக்கு விசாரிக்கிற முறையச் சொல்லித் தந்துருதேன். முதல்ல பையன் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. டீக்கடைக்குப் போகணும். அடுத்து தேய்ப்புக்கடை. துணி தேய்க்கிறவனுக்குத் தெரியாத சங்கதி ஒரு வீட்டுல கெடையாது. மூணாவது எதிர்வீட்டு மாடி. இந்த மூணு எடத்துலயும் கேட்டுட்டா அந்தப் பையனைப் பெத்தவளுக்குத் தெரியாததெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சுரும்.

இந்த முறையை வச்சு நான் எதுவரைக்கும் போயிருக்கேன் தெரியுமா? இத்தாலி வரைக்கும். நேப்பிள்ஸ்னு ஒரு ஊரு, கடலோரம், பழங்காலத்து ஊரு. பக்கத்துல எரிமலை. சிரிக்காதீங்க அண்ணாச்சி, நெசமாத்தான் சொல்லுதேன். மாப்பிள்ளை விசாரிக்க நேப்பிள்ஸுக்குப் போனவன் திருநெல்வேலி ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

எனக்குப் பிள்ளை இல்ல. எங்க அக்கா மக உலகம்மை, ஒம்பது வயசுல தாயில்லாப் பிள்ளையா எங்க வீட்டுக்கு வந்தா. என் வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. இப்போ வீட்டுல நானும் உலகுவும்தான். பூகோளம் டீச்சர். தங்கமான பிள்ளை. முப்பது வயசாகுது, அவளுக்குப் பதினோரு பையன் பாத்தேன், பதினொண்ணையும் நான்தான் தள்ளுனேன்.

காரணம் இல்லாமத் தள்ளல. தென்காசிப் பையன், பேங்க் உத்தியோகம், டீக்கடையில டீயை ஆத்தாம அப்படியே குடிச்சான். பொறுமை இல்லாதவன். ராஜபாளையத்துப் பையன் வீட்டு நாய் என்னப் பாத்துக் குலைக்கல. அந்த ஊரு நாயி, போலீஸ்காரனைப் பாத்துக் குலைக்கலன்னா என்ன அர்த்தம்? அந்த வீட்டுக்குப் போலீஸ் வந்து வந்து பழகியிருக்குன்னு அர்த்தம். கோயமுத்தூர்ப் பையன்கிட்ட ஒரு குறையும் இல்ல, ஒண்ணுகூட இல்ல. குறையே இல்லன்னா மறைக்கத் தெரிஞ்சவன்னு எழுதி மூடிட்டேன்.

தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவ. "ஏட்டையாவுக்கு மருமகளை அனுப்ப மனசில்ல, அதான் நொட்டை சொல்லிட்டுத் திரியுதார்"னு பால்காரன் வரைக்கும் பேசுதான். சவம், பேசட்டும். அவதான் எனக்கு மூணு வேளையும் மாத்திரை எடுத்து வைக்கா. மீன் வச்சா முள்ளு எடுத்துத் தாரா, நான் பாக்காமத் தின்னுருவேன்னு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து அன்னிக்கு நடந்ததையெல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லுவா. அதெல்லாம் வேற விஷயம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், நீங்களே சொல்லுங்க.

பன்னிரண்டாவதா வந்ததுதான் இந்த வள்ளிநாயகம். அம்பாசமுத்திரத்துப் பையன், நேப்பிள்ஸ்ல எரிமலையைக் கண்காணிக்கிற ஆபீஸ்ல வேலை. உலகு படிச்ச தூத்துக்குடி காலேஜ்லதான் அவனும் படிச்சிருக்கான், ரெண்டு வருஷம் சீனியர். "பழக்கம் உண்டா?"ன்னு கேட்டேன். "பெரிய காலேஜ் மாமா, யாரு கண்டா"ன்னா. அதுவும் சரிதான். மத்த பதினோரு ஜாதகத்தையும் அவ ஏறெடுத்தும் பாக்கல. இத மட்டும் அவளே கொண்டுவந்து என் கண்ணாடிக்குப் பக்கத்துல வச்சுட்டு, "இதையும் விசாரிச்சிருங்க மாமா, ஆனா நேர்ல போய் விசாரிங்க"ன்னா. என் முறை மேல அவளுக்கு அம்புட்டு மரியாதை.

பையனுக்கு லீவு இல்ல. நீங்க வாங்கன்னு அழைப்புக் கடுதாசி அனுப்பிட்டான். கெழவன் எங்க வரப்போறான்னு நெனச்சிருப்பான். நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். எங்க ஸ்டேஷன்ல இருந்து சின்னப் பையன் ஒருத்தன் என் வீட்டுக்கே விசாரணைக்கு வந்தான். "ஐயா, உங்க மேல கேஸ் ஏதும் உண்டா?"ன்னு என்கிட்டயே கேக்கான். கேள்வி சரி. ஆனா எதிர்வீட்டுல விசாரிக்காம நேரா இங்கன வந்துட்டான். எலேய், எந்திரிச்சுப் போ, முதல்ல எதிர்வீட்டுல கேட்டுட்டு வான்னு திருப்பி அனுப்புனேன்.

சனிக்கிழமை வாரேன்னு பையன்கிட்ட சொல்லிட்டுப் புதன்கிழமையே போய் எறங்குனேன். திடீர்ச் சோதனை. டிக்கெட் போட்டது உலகு, அவளைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அவ என் வளர்ப்பு, அவகிட்ட இருந்து ஒரு சொல்லு வெளிய போகாது.

ஏர்போர்ட்டை விட்டு வெளிய வாரேன், எதிர்த்தாப்புல நம்ம ஆளு மாதிரி ஒருத்தர் நிக்கார். கையில ஒரு அட்டை. என்னப் பாத்ததும் அட்டையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டார். வேற யாருக்கோ காத்துக்கிட்டு இருந்திருக்கார், பாவம். "ஐயா தமிழோ?"ன்னார். பேரு சிவகடாட்சம், யாழ்ப்பாணத்துக்காரர், அந்த ஊருல முப்பது வருஷமா மளிகைக்கடை வச்சிருக்கார். எங்க போகணும்னு கேட்டார். தெருப் பேரைச் சொன்னேன். "அட, நானும் அங்கதான் போறன், ஏறுங்கோ காரில"ன்னார். பாத்தீயளா, அதிர்ஷ்டம் இருந்தா எப்படியெல்லாம் வந்து நிக்குன்னு! மொழிபெயர்க்கவும் ஆள் கெடச்சுட்டு.

அந்தத் தெருவை நீங்க பாக்கணும். நம்ம மேலப்பாளையம் சந்து மாதிரி, ஒரு ஸ்கூட்டர் போனா நாம சுவத்துல ஒட்டிக்கிடணும். தலைக்கு மேல இந்த வீட்டு ஜன்னலுக்கும் அந்த வீட்டு ஜன்னலுக்கும் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருக்கு. ஒருத்தன் ஜட்டி எத்தனைன்னு தெருவே எண்ணலாம். விசாரணைக்கு இதைவிட வசதியான தெருவை நான் சர்வீஸ்ல பாத்ததில்ல.

முதல்ல காப்பிக்கடை. கோயில் தீர்த்தம் மாதிரி உள்ளங்கை நனையுற அளவுக்குத்தான் காப்பி தாரான். "வள்ளி..."ன்னுதான் வாயைத் தொறந்தேன், கடைக்காரன் ரெண்டு கையையும் மேல தூக்கி "வள்ளீ! பிராவோ! பிராவோ!"ன்னு கத்துதான். பையனைப் பத்திக் கேக்கதுக்கு முன்னாலயே பதில் வருது. அம்புட்டு நல்ல பேரு. அடுத்தது துணி வெளுக்கிற கடை. அங்க ஒரு அம்மா கையில ஒரு தாளைப் பாத்துப் பாத்து, "குடி இல்ல, சூது இல்ல, பொம்பளை இல்ல"ன்னு வரிசையாச் சொல்லுது. நான் கேக்கணும்னு வச்சிருந்த அதே வரிசை. உலகம் பூராவும் விசாரணைன்னா ஒரே முறைதான் போலன்னு நெனச்சுப் பெருமைப்பட்டேன்.

மூணாவது எதிர்வீட்டு மாடி. நாலாவது மாடியில அசுந்தான்னு ஒரு அம்மா, எம்பது வயசு இருக்கும். ஜன்னல்ல நின்னுக்கிட்டுக் கயித்துல கூடையைக் கீழ விடுதா. கீழ உள்ள கடைக்காரன் ரொட்டி, தக்காளி எல்லாம் வைக்கான், கெணத்து வாளி மாதிரி மேல இழுத்துக்கிடுதா. நான் கீழ நின்னுக்கிட்டு, "பையன் குடிப்பானா?"ன்னு சிவகடாட்சத்தை விட்டுக் கேக்கச் சொன்னேன். அந்தம்மா மோவாயை மேல வெடுக்குன்னு தூக்குனா. நம்ம ஊருல அப்படித் தூக்குனா "என்ன?"ன்னுதானே அர்த்தம்? காது கேக்கல போலன்னு சத்தமாக் கேட்டேன். மறுபடி மோவாயத் தூக்குதா. நான் தொண்டை கிழியக் கேக்குதேன், அவ தூக்குதா, நான் கேக்குதேன், அவ தூக்குதா. ஏழெட்டு ஜன்னல் தொறந்துட்டு. அப்புறம்தான் சிவகடாட்சம், "ஐயா, அது இல்லை எண்டு சொல்லுறா. இங்க இல்லைக்கு அப்பிடித்தான்"னார். இத முதல்லயே சொல்லியிருக்கலாம்.

அதுக்குப் பொறவுதான் கூத்து. அந்தம்மா என்னையே விசாரிக்க ஆரம்பிச்சுட்டா! "பொண்ணுக்கு என்ன வயசு? கோவக்காரியா? சமைப்பாளா? இந்தப் பையனுக்கு ஞாயித்துக்கிழமை சாப்பாடு நான்தான் போடுதேன், வாரவ வந்து அதை நிறுத்திருவாளா? வீட்டுல வயசானவங்களை மரியாதையா நடத்துவாளா?" முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல என்னை ஒருத்தரும் இப்படி நிக்க வச்சுக் கேட்டதில்ல. சுருக்குன்னு கோவம் வந்துட்டு. என் மருமகளைப் பத்தி என்னன்னு நெனச்சீயன்னு ஆரம்பிச்சேன் பாருங்க, உலகு சின்னப் பிள்ளையில ராத்திரிப் பாரா முடிஞ்சு நான் வாரவரைக்கும் தூங்காம இருந்ததுல இருந்து, எனக்கு ஆஞ்சியோ பண்ணினப்போ ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து பரீட்சைப் பேப்பர் திருத்துனது வரைக்கும் சொன்னேன். முக்கால் மணி நேரம். சிவகடாட்சத்துக்கு மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத் தொண்டை கட்டிட்டு. அந்தம்மா மேல நின்னு கண்ணைத் துடைக்கா. கடைசியில கூடையில எனக்கு நாலு எலுமிச்சம்பழம் வச்சுக் கீழ விட்டா, ஒவ்வொண்ணும் மாதுளை அளவு.

சாயங்காலம் பையன் வந்தான். நல்ல உசரம், மாநிறம், கண்ணாடி. என்னப் பாத்து, "மாமா! சனிக்கிழமைன்னுல்லா சொன்னீங்க!"ன்னு நெஞ்சுல கை வச்சு அதிர்ச்சியாகுதான். திடீர்ச் சோதனைன்னா அப்படித்தான் ஆவான். ஆனா வீடு சுத்தமா இருந்தது. எனக்குன்னு கட்டில், கட்டில் பக்கத்துல என் மாத்திரை வைக்கிறதுக்குத் தட்டு, காலையில குடிக்க வெந்நீர் பிளாஸ்க். அந்தப் பொழுதே எனக்குச் சொதி வச்சான் அண்ணாச்சி! தேங்காப்பால் சொதி, கூட இஞ்சிப் பச்சடி. வாயில வச்சதும் தூக்கிவாரிப் போட்டுட்டு, அப்படியே உலகு வைக்கிற சொதி. அதே புளிப்பு, அதே உப்பு. "எங்கடா படிச்ச?"ன்னு கேட்டேன். "யூடியூப் மாமா"ன்னான். இப்போ எல்லாம் அதுல வருதாமே.

நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு யோசிக்கேன், எழுத ஒரு குறையும் இல்ல. கோயமுத்தூர்ப் பையனை எழுதுன மாதிரி இவனையும் எழுதலாம்தான். ஆனா அவ்வளவு தூரம் போய்ட்டு அதையே எழுதுனா நல்லாருக்காது. நோட்டை மூடிட்டு எந்திரிச்சு ஜன்னல்கிட்ட போய் நின்னேன். ஏன் எந்திரிச்சேன்னு கேக்காதீங்க, சொதி கொஞ்சம் அதிகமாயிட்டு.

அப்போதான் ஜன்னல் வழியா அதைப் பாத்தேன். கடலுக்கு அந்தப் பக்கம், மாட்டுத் திமில் மாதிரி நிக்கு மலை. அடடா, பையனை விசாரிச்சோம், பக்கத்துல இருக்கிற இந்த ஆளை விசாரிக்கலையேன்னு தோணுச்சு. ஒரு வீட்டைப் பத்தி விசாரிச்சா எதிர்ல இருக்கிற ரவுடியைப் பத்தியும் விசாரிக்கணுமா இல்லையா?

விசாரிச்சேன். பழைய கேஸெல்லாம் எடுத்துப் பாத்தா பெரிய பட்டியலே இருக்கு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால பாம்பேய்ங்கிற ஊரை ஒரே மூச்சுல முடிச்சிருக்கு. அதுக்குப் பொறவும் எத்தனையோ தடவை. கடைசிச் சம்பவம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து நாலு. அப்புறம் ஒரு வம்பு தும்பு இல்ல. எல்லாரும் "இப்போ அமைதியா இருக்கு"ன்னு சொல்லுதாவ. எனக்குத் தெரியாதா? தெனமும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடுற ரவுடியைப் பத்திக் கவலையில்ல. எம்பது வருஷமா சத்தங்காட்டாம இருக்கிறவனை நம்பவே கூடாது.

சம்பவ இடத்தையும் பாத்துருவோம்னு பையன் என்னை ரயில்ல பாம்பேய்க்குக் கூட்டிட்டுப் போனான். தெரு இருக்கு, வீடு இருக்கு, ரொட்டி சுட்ட அடுப்பு இருக்கு, கூரைதான் பாதி இல்ல. செத்தவங்க கெடந்த குழியில சுண்ணாம்பு மாதிரி ஊத்தி எடுத்து அப்படியே வச்சிருக்காவ. ஒருத்தன் குத்தவச்சு உக்காந்து ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்திக்கிட்டு இருக்கான். நான் எத்தனையோ பொணம் பாத்தவன் அண்ணாச்சி. அங்கன நிக்க முடியல. இந்த ஊருக்கா என் பிள்ளையை அனுப்பணும்னு கேட்டுக்கிட்டே வெளிய வந்துட்டேன்.

பையன்கிட்ட நேராவே கேட்டேன். "தம்பி, இது மறுபடி பொங்குனா?" அவன் தன் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனான். சுவரு பூரா டி.வி. மாதிரி பெட்டி, அதுல கோடு கோடா ஓடுது. மலை மூச்சு விட்டாக்கூடத் தெரியுமாம். ராவும் பகலும் மாத்தி மாத்தி ஆள் இருந்து பாக்காவ. எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இது பாரா டூட்டிதான், துப்பாக்கி இல்ல, அம்புட்டுத்தான் வித்தியாசம். "ஆபத்துன்னா மூணு நாளைக்கு முன்னாலயே சனங்களை வெளியேத்திருவோம் மாமா"ன்னான்.

"நீ எப்பப் போவ?"ன்னேன்.

பெட்டியில ஓடுற கோட்டைப் பாத்துக்கிட்டே, "பாத்துச் சொல்ல வேண்டியது நாங்கதானே மாமா. நாங்க கடைசியாத்தான் போகணும்"னான்.

கெடச்சுட்டு அண்ணாச்சி! பையன்கிட்ட குறை கெடச்சுட்டு! அன்னிக்கே நோட்டுல எழுதுனேன்: "ஆபத்துக் காலத்தில் குடும்பத்தை விட்டுவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பரிந்துரை இல்லை." எழுதிக் கீழ கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டேன். போட்டுட்டு நிம்மதியாத் தூங்கியிருக்கணும், தூக்கமே வரல. நானும் அப்படித்தான் தேர்த் திருவிழா, கலவரம், எலெக்‌ஷன்னு வீட்டை விட்டுட்டு நின்னவன். என்னைக் கட்டிக்கிட்டவளும் இருந்தாள்ல.

திங்கக்கிழமை எனக்கு ரிட்டன் டிக்கெட். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அசுந்தா அம்மா வீட்டுல விருந்து. சாப்பிட்டு முடிச்சு நான் இந்தப் பக்கம் பையன் வீட்டுக்கு வந்து பேன்ட்டைக் கழத்திட்டுச் சாரத்தைக் கட்டிக்கிட்டுப் படுத்தேன். பையன் அந்தம்மா வீட்டுலயே பாத்திரம் கழுவிக் குடுத்துக்கிட்டு இருந்தான். கட்டில் ஆடுது. பஸ்ல இருக்கிறதா கனவுன்னு நெனச்சேன். பொறவு ஜன்னல் கண்ணாடி கடகடன்னு அடிக்கு, மேல தொங்குன விளக்கு ஊஞ்சலாடுது.

நான் ஓடல அண்ணாச்சி. அதை மட்டும் தெளிவாச் சொல்லிருதேன். நிலைமையைப் பாக்கிறதுக்காக வெரசலாக் கீழ எறங்குனேன். நாலு மாடி, படி எத்தனைன்னு தெரியல, செருப்பு எங்கன போச்சுன்னு தெரியல. தெருவுல வந்து நின்னப்போ நான்தான் முதல் ஆளு. சாரம், பனியன், கழுத்துல துண்டு. "உலகு! ஏட்டி உலகு! வெளிய வாட்டி!"ன்னு கத்திக்கிட்டு நிக்கேன். அவ பாளையங்கோட்டையில இருக்கான்னு அந்த நேரம் புத்தியிலயே இல்ல.

ஆட்டம் பத்துப் பன்னிரண்டு செகண்டுதான். ஆடி நின்ன பொறவு சனமெல்லாம் ஒண்ணொண்ணா எறங்கி வருது, யாரும் பெருசா அலட்டிக்கிடல. சிவகடாட்சம் கடையில இருந்து ஓடி வந்தார். எதிர்வீட்டுப் படிவாசலைப் பாக்கேன், வள்ளிநாயகம் வாரான். அசுந்தா அம்மாவை முதுகுல தூக்கிக்கிட்டு நாலு மாடி எறங்கி வாரான். கையில இன்னும் சோப்பு நுரை. அந்தம்மாவைப் பைய நாற்காலியில உக்கார வச்சு, மூச்சு வாங்க என்கிட்ட வந்து, "மாமா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? உங்களைத் தேடி மேல வாரதுக்குள்ள நீங்க கீழ நின்னுட்டீங்க"ன்னான்.

"மலை பொங்கிட்டா?"ன்னேன்.

"இது அந்த மலை இல்ல மாமா. இது மேக்க, கடலோரமா, பூமிக்கு அடியில இன்னொரு எரிமலை இருக்கு. அடிக்கடி இப்படி லேசா அசையும்."

எனக்கு வந்த கோவத்தைக் கேக்காதீங்க. அஞ்சு நாளா ஒருத்தனைப் பத்தியே விசாரிச்சுக்கிட்டு இருக்கேன், ரெண்டாவது குற்றவாளி ஒருத்தன் இருக்கான்னு ஒருத்தரும் வாயைத் தொறக்கல!

திட்டலாம்னு வாயெடுக்கதுக்குள்ள அவன் போன் அடிச்சுட்டு. எடுத்தான். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன், மாமாவும் நல்லா இருக்காவ"ன்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு என் கையில குடுத்தான். "மாமா, உலகு. நான் ஆபீஸுக்கு ஓடணும், நீங்க பேசுங்க." சொல்லிட்டு ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போயே போய்ட்டான். உலகு போன்ல பூகம்பம் வந்தா மணியடிக்குமாம், பூகோள டீச்சரில்லா. அவன் நம்பர் அவளுக்கு எப்படித் தெரியும்னு பாக்கீயளா? ஜாதகக் கவர்ல எழுதியிருக்கும். என் போன் மாடியில கெடந்தது, அதனாலதான் முதல்ல அவனுக்கு அடிச்சிருக்கா.

போன்ல அவ அழுதுக்கிட்டு இருந்தா. என் பிள்ளை அழுது நான் கேட்டு ஆறு வருஷமாச்சு. "மாமா, மாத்திரை போட்டீங்களா, நெஞ்சு வலிக்கா, உக்காருங்க, நிக்காதீங்க"ன்னு மூச்சு விடாமச் சொல்லுதா. நான் அவளைத் தேத்தணும்னு வாயைத் தொறந்தேன், "அழாதட்டி, பையன் நல்ல பையன்"னு வந்துட்டு. அதைச் சொல்லணும்னு நான் நெனைக்கவே இல்ல அண்ணாச்சி. நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன் வேற மாதிரி. வாய் சொல்லிட்டு. அம்புட்டுத்தான், ஆவணியில கல்யாணம், அது முடிவானது அந்த நிமிஷம்தான்.

அப்புறம் உலகு மெதுவாக் கேட்டா. "நான் அங்க வந்துட்டா இங்க உங்களுக்கு யாரு மாமா இருக்கா? அதை நெனச்சுத்தான் இத்தனை நாளா உங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லல." என்னத்தைச் சொல்லலன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல. ஆனா அந்தக் கேள்வி இருக்கே, அது நேரா நெஞ்சுல வந்து குத்திட்டு.

"ஏன், எனக்கென்ன, போலீஸ் டிபார்ட்மென்ட் பூரா இருக்கு"ன்னு அதட்டணும்னு பாக்கேன், அழுதுட்டேன். ஏதோ கண்ணு கலங்குன அழுகை இல்ல அண்ணாச்சி. நட்டநடுத் தெருவுல, வெறுங்காலோட, சாரமும் பனியனுமா நின்னுக்கிட்டு, துண்டை வாயில அமுக்கிக்கிட்டுக் கேவிக் கேவி அழுதேன். என் வீட்டுக்காரி செத்தப்போகூட நான் அப்படி அழல.

தெருவே கூடிட்டு. ஒருத்தி சக்கரைத் தண்ணி கொண்டாரா, காப்பிக்கடைக்காரன் விசிறுதான். அசுந்தா அம்மா நாற்காலியை விட்டு எந்திரிச்சு வந்து என் தலையைப் பிடிச்சுத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு என்னமோ சொல்லித் தட்டிக்குடுக்கா. சிவகடாட்சம் என் காதுகிட்ட வந்து, "பயப்பிட வேண்டாமாம் ஐயா. இது சின்ன நடுக்கமாம். இஞ்ச சின்னப் பிள்ளையளே இதுக்கு அழாதுகளாம்"னார்.

நான் சரி சரின்னு தலையாட்டுனேன். திருநெல்வேலியில இருந்து வந்த போலீஸ்காரன் தரை லேசா ஆடுனதுக்குப் பயந்து அழுதான்னு அந்தத் தெரு பூரா இன்னிக்கும் சொல்லிச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லல. உங்களை இதுக்கு முன்னால பாத்ததில்ல, இனிமே பாக்கவும் போறதில்ல, அதனாலதான் உங்ககிட்ட சொல்லுதேன். மருமக போறாளேன்னு அழுதேன்னு அத்தனை பேரு முன்னால எப்படிச் சொல்லுவேன் அண்ணாச்சி?